பாறையில் வளரும் கள்ளிமுளையான்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் கோடையில் மொட்டை மாடிச் செடிகள் வாடிப்போகின்றன என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு தகவல். திருவண்ணாமலை போன்ற வறண்ட பாறைக் குன்றுகளுக்கு உரிய கள்ளிமுளையானை வளர்த்துப் பாருங்கள். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த நம் மண்ணின் செடி இது. விரல் பருமனில், நான்கு பட்டையாக, இலையே இல்லாததுபோல நிற்கும். கிள்ளினால் வெள்ளைப் பால் வராது, தெளிந்த நீர்தான் கசியும். பகலில் மூச்சுத்துளைகளை மூடி, குளிர்ந்த இரவில் திறப்பதால் தண்டில் சேர்த்த நீர் வீணாகாது. நட்சத்திர வடிவப் பூக்கள் சிறியவை, ஆனால் அத்தனை அழகு! கிராமங்களில் இளந்தண்டைத் துவையலும் அரைப்பார்கள்.

ஒரு விரல் நீளத் தண்டை ஒடித்து, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வையுங்கள். பிறகு மணலும் செம்மண்ணும் செங்கல் பொடியும் கலந்து, அடியில் துளையுள்ள அகலமான மண்தொட்டியில் நடுங்கள். காலை வெயில் போதும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். இதைக் கொல்வது பெரும்பாலும் வறட்சியல்ல, நாம் அன்போடு ஊற்றும் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

திருவண்ணாமலை மலையிலிருந்து மட்டும் செடியைப் பிடுங்க வேண்டாம். அந்த மலை காப்புக்காடு. நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள், அல்லது வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள்.