காலில் "நரம்பு சுருட்டல்": ஏன் வருகிறது, எப்போது கவனிக்க வேண்டும்?

நமது மருத்துவ முகாம்களுக்கு வரும் தாய்மார்களில் சிலர், சர்க்கரையும் பிரஷரும் பார்த்து முடித்து எழுந்து போகும் நேரத்தில்தான், "காலில் நரம்பு சுருட்டியிருக்கு, ஏதாவது தைலம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். காட்டச் சொன்னால் கூச்சப்படுவார்கள். பல வருடங்களாக வீட்டாருக்குக்கூடக் காட்டாத கால் அது.

ஊர் வழக்கில் நரம்பு என்கிறோமே தவிர, அது நரம்பு அல்ல. பச்சையும் நீலமுமாகப் புடைத்து நெளிவது ரத்தக்குழாய். உடம்பில் ஓடி முடித்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போகும் சிரை. வெரிகோஸ் வெயின் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். எனவே நரம்புக்கான சத்து மாத்திரை இதற்கு உதவாது. அழுத்தி உருவி விடுவதும் வேண்டாம்.

பாதத்தில் இருக்கும் ரத்தம் மேல்நோக்கி ஏறித்தான் இதயத்தை அடைய வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் திரும்ப இறங்காமல் இருக்க, சிரைக்குள் சிறு சிறு வால்வுகள் உள்ளன. கிணற்று மோட்டாரின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வை நினைத்துக் கொள்ளுங்கள். அது கெட்டால் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். காலிலும் அப்படித்தான். வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழே தேங்குகிறது, அந்த அழுத்தத்தில் குழாய் விரிகிறது, விரிந்த இடத்தில் அடுத்த வால்வும் மூட முடியாமல் போகிறது. இந்த நோய் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதற்குக் காரணம் இதுவே.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். வயதும் உடல் பருமனும் சேரும். கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோன்கள் குழாயின் சுவரைத் தளர்த்துகின்றன, வளரும் கருப்பை இடுப்பில் உள்ள சிரைகளை அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பின் பலருக்கு இது குறைந்துவிடும்; ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் கூடிக்கொண்டே போனவர்களும் உண்டு. அசையாமல் நெடுநேரம் நிற்கும் வேலையும் சும்மா விடாது. விருந்து சமைக்கும் பண்டாரி, ஜவுளிக்கடையில் நிற்கும் பையன், அடுப்படியை விட்டு நகராத நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

மாலையில் கால் கனப்பது, கணுக்கால் வீங்குவது, இரவில் கெண்டைக்கால் இழுப்பது, அரிப்பு ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். உள் கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து, தடித்துப் போனால் தாமதிக்கக் கூடாது. அடுத்து வருவது ஆறாத புண். இதைச் சர்க்கரைப் புண் என்று எண்ணி மாதக்கணக்கில் களிம்பு மட்டும் போட்டு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சர்க்கரையால் வரும் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலும் விரல்களிலும் வரும். தேங்கிய ரத்தத்தால் வரும் புண்ணுக்கு மருந்தோடு அழுத்தக் கட்டும் வேண்டும்.

தினமும் நடப்பதும், நிற்க நேர்ந்தால் அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குவதும், படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பதும் வேதனையைக் குறைக்கும். அழுத்தம் தரும் ஸ்டாக்கிங்ஸைக் காலையில் வீக்கம் ஏறுமுன் போட்டு, இரவில் கழற்ற வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்துக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துவிட்டே அணியுங்கள். ஆனால் இவை எதுவும் கெட்ட வால்வைச் சரிசெய்யாது.

எந்தக் குழாயில் கோளாறு என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டும், அதில் வலியில்லை. தேவையானால் லேசர் மூலமோ, ஊசி மருந்தாலோ, அறுவை சிகிச்சையாலோ அந்தக் குழாயை அடைத்துவிடுவார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள். ரத்தம் ஆழத்தில் உள்ள நல்ல சிரைகள் வழியே போய்விடும். பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. கூச்சத்தால் போகாமல் இருப்பதுதான் தவறு.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள்; ஆழத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். புடைத்த குழாய் உடைந்து ரத்தம் பீறிட்டால், நிற்க வைக்காமல் உடனே படுக்க வையுங்கள். காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.