பாலைவனமே கலைக்கூடம்

நிலக்கலை என்பது மண், பாறை, நீர், வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் இடத்திலேயே அமைக்கப்பட்டு, அங்கேயே இருந்துவிடும் கலை. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் இது ஓர் இயக்கமாக வளர்ந்தது. கலைப்படைப்பு என்பது நியூயார்க் காட்சிக்கூடங்களில் விலை பேசப்படும் சரக்காகிவிட்டதாக நினைத்த இளம் கலைஞர்கள் சிலர், யாரும் தூக்கிச் சென்று வீட்டில் மாட்ட முடியாத படைப்புகளைச் செய்ய முனைந்தார்கள். நிலம் மலிவாகவும் ஆளரவம் இல்லாமலும் கிடந்த மேற்கு மாநிலங்களின் பாலைவனம் அவர்களுக்குத் தோதான களமானது. அங்கே உருவானவற்றில் முக்கியமான மூன்று படைப்புகள் யூட்டா, நெவாடா மாநிலங்களில் உள்ளன. ஒரே கார்ப் பயணத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதலாவது, ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமைத்த ‘ஸ்பைரல் ஜெட்டி’ எனப்படும் சுருள்கரை. இது கிரேட் சால்ட் ஏரியின் வடகிழக்குக் கரையில், ரோசல் முனை என்ற இடத்தில் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து வடக்கே போகிறவர்கள் கோல்டன் ஸ்பைக் தேசிய வரலாற்றுப் பூங்காவைக் கடக்க வேண்டும். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த ரயில் பாதைகள் 1869 மே 10 அன்று இணைந்த இடம் அது. அதற்கு அப்பால் சுமார் 25 கிலோமீட்டர் ஜல்லிச் சாலைதான். பெட்ரோல் பங்க், கடை, குடிநீர் எதுவும் கிடையாது.

கரையிலிருந்து ஏரிக்குள் நீண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுருண்டு முடியும் இந்தப் பாதையின் நீளம் 1,500 அடி, அகலம் 15 அடி. லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் 6,000 டன்னுக்கு மேற்பட்ட கரிய எரிமலைப் பாறையையும் மண்ணையும் கொட்டி இதை எழுப்பின. இந்த இடத்தை ஸ்மித்சன் தேர்ந்தெடுக்க ஏரியின் நிறமும் ஒரு காரணம். 1959இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில்பாதைக் கரை ஏரியை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஆற்று நீர் அதிகம் வந்து சேராத வடபகுதியில் உப்பு கடல் நீரைவிடப் பல மடங்கு ஏறிப்போனது. அந்த உப்பிலும் வாழக்கூடிய நுண்ணுயிர்கள்தான் தண்ணீருக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகின்றன.

சுருள்கரை கட்டப்பட்டபோது வறட்சியால் ஏரி வற்றியிருந்தது. சில ஆண்டுகளில் நீர்மட்டம் உயர்ந்து அதை மூழ்கடித்தது. சுமார் முப்பது ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்து 2002இல் அது மீண்டும் வெளிப்பட்டபோது, கரும்பாறைகள்மேல் வெள்ளை உப்பு படிந்திருந்தது. ஏரிக்கு வரும் ஆறுகளின் நீர் பாசனத்துக்கும் நகரங்களுக்கும் திருப்பப்படுவதாலும் வறட்சியாலும் நீர்மட்டம் தொடர்ந்து இறங்கி, 2022இல் பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டது. சுருள்கரையைச் சுற்றி இன்று பெரும்பாலும் உப்புத் தரைதான். அதன்மேல் இறங்கி நடந்தே மையம் வரை போகலாம்.

இரண்டாவது படைப்பு ‘சன் டனல்ஸ்’ எனப்படும் சூரியக் குழாய்கள். ஸ்மித்சனின் மனைவியும் கலைஞருமான நான்சி ஹோல்ட் இதை 1973 முதல் 1976 வரை உருவாக்கினார். யூட்டாவின் வடமேற்கு மூலையில், மக்கள் விட்டுச்சென்ற லூசின் என்ற ஊருக்கு அருகே 40 ஏக்கர் நிலம் வாங்கி, நான்கு பெரிய கான்கிரீட் குழாய்களைப் பெருக்கல் குறி வடிவில் கிடத்தினார். ஒவ்வொன்றும் 18 அடி நீளம், 22 டன் எடை. ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு உள்ளே உயரம் உண்டு. பகல் மிக நீண்டிருக்கும் ஜூன் 21ஐயும் மிகக் குறுகியிருக்கும் டிசம்பர் 21ஐயும் ஒட்டிய நாட்களில், உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் குழாய்களின் வாய்க்கு நேராக வந்து நிற்கும். குழாய்களின் மேற்புறத்தில் நான்கு விண்மீன் கூட்டங்களின் அமைப்பில் துளைகள் போடப்பட்டுள்ளன. மகரம் அவற்றில் ஒன்று. நண்பகலில் அவற்றின் வழியே விழும் வெளிச்ச வட்டங்கள், சூரியன் நகர நகர, உட்சுவரில் மெல்ல இடம் மாறுகின்றன.

மூன்றாவது படைப்பு நெவாடாவில் உள்ளது. சால்ட் லேக் சிட்டிக்குத் திரும்பி ஐ-15 நெடுஞ்சாலையில் தெற்கே நெடுந்தூரம் போனால், லாஸ் வேகஸுக்கு முன்பாக ஓவர்டன் என்ற சிற்றூர் வரும். அதை அடுத்த மார்மன் மேசா மேட்டுநிலத்தின் விளிம்பில் மைக்கேல் ஹைசரின் ‘டபுள் நெகட்டிவ்’ இருக்கிறது. 1969இல் தொடங்கி, 2,40,000 டன் பாறையையும் மண்ணையும் அப்புறப்படுத்தி, ஒரு பள்ளத்தின் இரு புறமும் நேர்கோட்டில் வெட்டப்பட்ட இரண்டு அகழிகள் இவை. இங்கே எதுவும் கட்டப்படவில்லை. வெட்டி எடுத்த வெற்றிடமே சிற்பம். அகழிச் சுவர்கள் இப்போது சரிந்துகொண்டிருக்கின்றன.

சுருள்கரைக்கும் இந்த அகழிக்கும் பணம் கொடுத்தவர் வர்ஜீனியா டுவான் என்ற நியூயார்க் காட்சிக்கூட உரிமையாளர். காட்சிக்கூடத்தை விட்டு வெளியேறிய கலை, காட்சிக்கூடத்தின் பணத்தில்தான் எழுந்தது. இன்று சுருள்கரையும் சூரியக் குழாய்களும் டியா கலை அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன. அகழி லாஸ் ஏஞ்சலஸ் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. வசந்தமும் இலையுதிர் காலமும் பயணத்துக்கு ஏற்றவை. மழைக்குப் பின் மண்சாலைகள் சேறாகிவிடும். மார்மன் மேசாவுக்கு நான்கு சக்கர இயக்கமுள்ள உயரமான வண்டி நல்லது. டாங்க் நிறைய எரிபொருள், போதுமான தண்ணீர், உதிரி டயர், அச்சிட்ட வரைபடம் ஆகியவை அவசியம். பார்க்கப் போகிறவர்கள் கல்லைப் பெயர்க்காமல், நெருப்பு மூட்டாமல், கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும்.