இது யார், பாட்டி?

பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்குவது சுலபம். அதற்குள் இருக்கும் மனிதர்களுக்குப் பெயர் சொல்வதுதான் கஷ்டம்.

சென்ற வருஷம் பொங்கலுக்காக வீட்டை ஒழித்தபோது, அத்தகைய பெட்டி ஒன்றில் ஒரு கல்யாண 'குரூப்' படம் அகப்பட்டது. நாற்காலிகளில் பெரியவர்கள், பின்னால் வாலிபர்களும் பெண்களும், கீழே ஜமக்காளத்தின்மேல் குழந்தைகள். ஆக இருபத்திரண்டு பேர். யாரோ பிரம்பை ஓங்கியதுபோல் அத்தனை பேரும் விறைத்துக்கொண்டு நம்மைப் பார்த்தார்கள். படத்தின் பின்புறம் பென்ஸில் எழுத்து. ஆண்களுக்குப் பெயர், உத்தியோகம், ஊர் எல்லாம் இருந்தன. பெண்களுக்கோ "மேற்படியார் சம்சாரம்" என்ற ஒரே பெயர்!

முதலில் காலத்தை ஊகிக்க முயன்றோம். 1839-ல் ஐரோப்பாவில் பிரசித்தமான போட்டோக் கலைக்கு, 1856-லேயே சென்னையில் ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. ஆகையால் பழைய படம் என்றால் எவ்வளவு பழமை என்பதே பெரிய கேள்விதான். முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய காகிதத்தில் அச்சாகிப் பழுப்பேறிய படமானால், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அட்டையில் ஸ்டூடியோவின் விலாசம் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. நமது படத்தில் வேறொரு சாட்சி இருந்தது. நடுவில் சரிகைத் தலைப்பாகையுடன் ஒரு கிழவர். அவருக்கு நேர் பின்னால் காந்தி குல்லாவுடன் இரண்டு வாலிபர்கள். எனவே, படம் 1920-க்குப் பிற்பட்டது. அந்தத் தலைப்பாகைக்கும் குல்லாவுக்கும் இடையே வீட்டில் எத்தனை வாக்குவாதம் நடந்ததோ!

இவ்வளவு துப்பறிந்தும் பெயர்கள் கிடைக்கவில்லை. கடைசியில், தொண்ணூற்றிரண்டு வயதான அத்தைப் பாட்டியிடம் படத்தைக் கொடுத்தோம். பாட்டி முகங்களைப் பார்க்கவில்லை, நகைகளைப் பார்த்தாள்.

"இந்த ஏழு கல் தோடு பெரியம்மாவுடையது. நான் பள்ளிக்கூடம் போகும்போதே அடகுக்குப் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை" என்றாள். ஜமக்காளத்தில் வாயைப் பிளந்து கொண்டிருந்த சிறுமியைக் காட்டி, "இது நான்தான்" என்று சிரித்தாள். சிறுமிக்கு ஐந்து வயதிருக்கும். படத்தின் வருஷம் தெரிந்துவிட்டது!

பிறகு, பின்வரிசையின் ஓரத்தில் பாதி மறைந்து நின்ற பெண்ணின்மேல் பாட்டியின் விரல் நின்றது. "இவள் என் சித்தி. எனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவள். அடுத்த வருஷமே பிரசவத்தில் போய்விட்டாள். இவளுக்கு வேறு படம் கிடையாது" என்றாள். சற்று யோசித்து, பெயரையும் சொன்னாள். மேற்படியார் சம்சாரம் ஒருத்திக்கு அன்று பெயர் கிடைத்தது.

இந்த அனுபவத்திலிருந்து நாம் கற்றவை சில. "இது மாமாதானே?" என்று கேட்டால் பெரியவர்கள் "ஆமாம்" என்றுவிடுவார்கள், "இது யார்?" என்று கேட்பதே முறை. இரண்டு பேரைத் தனித்தனியே விசாரிப்பது நலம்; தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒரே ஜாடை இருந்து ஏமாற்றுவதுண்டு. வர இயலாதவரின் முகத்தை ஸ்டூடியோக்காரரே ஒட்டிச் சேர்த்திருக்கவும் கூடும். படத்தைக் கைபேசியில் பிரதி எடுத்து, பிரதியில் முகந்தோறும் எண் இட்டு, பெயர், உறவு, சொன்னவர் யார், சொன்ன தேதி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுத வேண்டும். நிச்சயமில்லாத பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடலாம். மூலப் படத்தில் பேனா படவே கூடாது. பின்புற ஓரத்தில் மெல்லிய பென்ஸில் எழுத்தே போதும்.

அன்று பாட்டி களைத்துவிட்டாள். மற்றப் படங்களைச் சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடினோம். மாசியிலேயே பாட்டி காலமாகிவிட்டாள்.

பெட்டியில் இன்னும் பதினோரு படங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ளவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல இனி ஒருவரும் இல்லை. நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியை வருகிற ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிடுங்கள்.