வாடகை வீட்டுக்கும் சீட்டு வேண்டும்

ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்து இறங்கினாலும் எடை போட்டு, பில்லைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறோம். குடியிருக்க வீடு பிடிக்கும்போது மட்டும் வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸை எண்ணிக் கொடுத்து விடுகிறோம்.

எங்கள் கணக்குப்பிள்ளைக்கு வீடு பார்த்துக் கொடுத்தது நாங்கள்தான். "வீட்டுக்காரர் நமக்கு வேண்டியவர், சீட்டெல்லாம் எதற்கு?" என்று சொன்னதும் நாங்கள்தான். 9 வருடம் வாடகை பாக்கியில்லாமல் குடியிருந்தார். வீட்டுக்காரர் காலமானதும் அவர் மகன் காலி செய்யச் சொன்னார். அட்வான்ஸ் ரூ.40,000 கேட்டதற்கு, "அப்பா ஒன்றும் சொல்லவில்லையே, சீட்டு இருக்கிறதா?" என்றார். இல்லை. மகள் கல்யாணத்துக்கென்று நம்பியிருந்த பணம் அது. பாதியை நாங்கள் கொடுத்தோம். மீதி அவருக்கு நஷ்டம்.

தமிழ்நாட்டில் 22-2-2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

ஆகவே அன்பர்களே, அட்வான்ஸ் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பணத்தைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள். குடிபோகும் அன்றே மின்சார மீட்டர் அளவைக் குறித்து வையுங்கள். மாத வாடகைக்கும் ரசீது கேளுங்கள்.

கடை ஆட்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் முதலாளிமார்களும் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். சீட்டுக் கேட்பது யாரையும் சந்தேகிப்பது ஆகாது. அந்தப் பெரியவர் இருந்திருந்தால் அவரே கொடுத்திருப்பார்.