மாத்திரைக்கு மசியாத பூனை

நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் வினாக்களுக்கு ஒரு வரிசை உண்டு. உணவு முதலில் வரும். அடுத்துக் குளியல், மருந்து நேரங்கள், மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நாள். எல்லாம் முடிந்து கோப்பை மூடும் தறுவாயில், சற்றுத் தயக்கத்துடன் இன்னொரு வினா எழும்: "வீட்டில் பூனை இருக்கிறது, அதை என்ன செய்வது?" கீமோதெரபி பெறுவோரின் வீடுகளிலும், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்வோரின் வீடுகளிலும் இது பெரிய கேள்வி. சில வீடுகளில் எங்களைக் கேட்பதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. நோயாளி இங்கே படுக்கையில் இருக்கும்போதே பூனையைச் சாக்கில் கட்டி, மீன் சந்தைக்கு அருகில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். வீடு திரும்பியவர் முதலில் தேடுவது அதைத்தான் என்பது பிறகுதான் தெரியவருகிறது.

பெரும்பாலான வீடுகளில் இத்தகைய பிரிவு தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் தாம் வளர்க்கும் பூனையைக் கைவிட வேண்டியதில்லை என்றே அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமும் அறிவுறுத்துகிறது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் குடும்பத்தாரை மிகுதியும் திணற அடிப்பது பூனைக்குக் குடற்புழு மாத்திரை கொடுப்பதே. ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

பூனையின் குடலில் வாழும் புழுக்களில் மூன்றை நாம் அறிந்திருக்க வேண்டும். முதலாவது உருளைப்புழு. தாய்ப்பூனையின் பாலின் வழியாகவே குட்டிகளை இது அடைந்துவிடுவதால், குட்டிப் பூனைகளில் பலவற்றிடம் இது காணப்படும். இதன் முட்டைகள் மலத்துடன் வெளியேறி, மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே பிறரைத் தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அவை சென்றால், பொரித்த இளம்புழுக்கள் ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புகளில் அலைந்து திரியும். அரிதாகக் கண்ணையும் தாக்கும். இரண்டாவது கொக்கிப்புழு. இதன் இளம்புழு ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து நுழைந்து, நெளிநெளியான அரிப்புக் கோடுகளை உண்டாக்கும். மூன்றாவது நாடாப்புழு. பூனையின் வால் அடியிலோ அது படுத்த விரிப்பிலோ அரிசிமணி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால், அவை பெரும்பாலும் நாடாப்புழுவின் கணுக்களே. தெள்ளுப்பூச்சி வழியாக ஒரு வகையும், எலி வழியாக மற்றொரு வகையும் பூனையை அடைகின்றன.

வெளியில் உலவி எலி பிடிக்கும் பூனைக்கு ஆண்டில் நான்கு முறையேனும், அதாவது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, புழுநீக்க மருந்து கொடுப்பது பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். குட்டிகளுக்கு மூன்று வார வயதிலிருந்தே தொடங்கி, இரு வாரங்களுக்கு ஒருமுறை எனக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் பூனைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரே எடையைக் கொண்டு முடிவு செய்வார். பூனையின் எடையை அறிவதற்குத் தனிக் கருவி வேண்டா. எடைக்கருவியின் மேல் நீங்கள் தனியாக ஒருமுறையும், பூனையை ஏந்திக்கொண்டு ஒருமுறையும் நின்று, இரண்டின் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். பூனையை அழைத்துச் செல்ல இயலாதபோது அந்த ஒரு குறிப்பே மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியுள்ளது. 2015 ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுவதை அனைவரும் அறிவோம். கடைகளிலும் அது எளிதில் கிடைக்கிறது. "பிள்ளைக்கு நல்லது பூனைக்கும் நல்லதுதானே" என்று பாதியை உடைத்துப் பூனைக்குக் கொடுப்போர் உண்டு. அல்பெண்டசோல் பூனையின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கிக் குருதியணு உற்பத்தியை ஒடுக்கிவிடக் கூடும். வெள்ளையணுக்கள் குறைவது என்றால் என்னவென்று இவ்விதழின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாராசிட்டமால் அதனினும் கொடிது. அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லாததால் ஒரே ஒரு மாத்திரைகூட அதன் உயிரைப் பறிக்கலாம். நாய்களுக்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளுப்பூச்சி மருந்தும் பூனைக்கு நஞ்சு. ஆகவே நோயாளியின் மருந்துப் பெட்டியிலிருந்தோ நாயின் மருந்துப் புட்டியிலிருந்தோ எதையும் எடுத்துப் பூனைக்குக் கொடுக்கலாகாது.

சரியான மாத்திரை கையில் வந்தாயிற்று. இனிப் பூனை இசைய வேண்டும். மருந்து உறையைப் பிரிக்கும் ஓசை கேட்டதும் கட்டிலடியில் மறையும் பூனைகளைப் பற்றி எங்களிடம் சொல்லாத குடும்பம் குறைவு. பன்னிரண்டு மாத்திரைகளைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளும் நோயாளியை நாள்தோறும் இசைவிப்பவர்களுக்கு இது புதிய கலை அன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நோயாளியிடம் காரணம் சொல்லலாம். பூனையிடம் அது செல்லாது.

முதலில் உணவில் மறைத்துக் கொடுக்கும் வழியை முயலலாம். வேளை தவறாமல் உண்ணும் பூனைக்கு அன்று ஒரு வேளை உணவைச் சற்றுத் தாமதப்படுத்துங்கள். வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனை மூன்று சிறு உருண்டைகளாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் உருண்டையில் ஒன்றும் இருக்கலாகாது, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை அது இரண்டாவதை மெல்லும்போதே மூக்கருகில் நீட்ட வேண்டும். அடுத்தது வருகிறது என்ற ஆவலில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். குழம்பிலிருந்து எடுத்த மீன் வேண்டா. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாலில் கரைத்து வைக்கும் வழக்கத்தையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. மேலும் கிண்ணத்தில் பாதி மிஞ்சினால் எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்பதே தெரியாமற் போகும்.

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டல் மிகக் கசப்பானது. முழு மாத்திரையாக இருக்கும்வரை அக்கசப்பு வெளிப்படுவதில்லை, பொடித்ததும் வெளிப்பட்டுவிடும். அதை நாவில் உணர்ந்த பூனை வாயில் நுரை தள்ளி, எச்சில் ஒழுக ஓடும். பார்ப்பவர்கள் நஞ்சேறிவிட்டதென அஞ்சுவார்கள். பெரும்பாலும் அது கசப்பின் விளைவே. சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆயினும் அந்தப் பூனை அடுத்த முறை மீனையும் நம்பாது. பொடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நோயாளியின் மாத்திரையைப் பொடிக்கும் சிறு உரலையோ கரண்டியையோ அதற்குப் பயன்படுத்தாதீர்கள். கீமோதெரபி மாத்திரை பட்ட கலத்தில் பூனையின் மருந்தைப் பொடிப்பது இரு பக்கமும் தீங்கு.

உணவு வழி பலிக்காவிடில் கைவழிதான். இதற்கு இருவர் வேண்டும். அவ்விருவரில் நோயாளி ஒருவராக இருத்தல் கூடாது. மாத்திரையை உறையிலிருந்து முன்னதாகவே எடுத்து, அதன்மேல் சிறிது வெண்ணெய் தடவி, கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பூனையைத் தேடித் துரத்திப் பிடிப்பதைவிட அது உறங்கி எழும் வேளையில் எடுப்பது நன்று. பழைய தடித்த துண்டொன்றை மேசைமீது விரித்து, பூனையை நடுவில் அமர்த்தி, நான்கு கால்களும் உள்ளே அடங்குமாறு இருபுறமும் சுற்றிவிட வேண்டும். தலை மட்டும் வெளியே தெரியும். ஒருவர் அதைத் தம் உடலோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் இரு கன்ன எலும்புகளின் மீது படியுமாறு பிடிக்க வேண்டும். மூக்கு கூரையை நோக்குமாறு தலையைச் சாய்த்தால் கீழ்த்தாடை தானே சிறிது தளரும். வலக்கையின் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் மாத்திரையை வைத்துக்கொண்டு, நடுவிரலால் கீழ்த்தாடையின் முன்பற்களை மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். நாவின் நடுவில் ஒரு மேடு தெரியும். மாத்திரை அந்த மேட்டுக்கு அப்பால் விழ வேண்டும். நாவின் நுனியில் விழுந்தால் உங்கள் காலடிக்கே திரும்பி வரும்.

விழுந்ததும் வாயை மூடி, தலையை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, தொண்டையைக் கீழ்நோக்கி வருடுங்கள். மூக்கின்மேல் மெல்ல ஊதினாலும் விழுங்கும். அது நாவை நீட்டி மூக்கை நக்கினால் மாத்திரை உள்ளே போய்விட்டது என்று பொருள். இதன்பின் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகின்றனர். ஊசியில்லாத சிரிஞ்சில் சுமார் 5 மில்லிலிட்டர் நீரைக் கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். இல்லையேல் உடனே சிறிது ஈர உணவு தர வேண்டும். நீரின்றிச் சென்ற மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடக் கூடும். டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள் அவ்வாறு தங்கினால் அங்கே புண்ணையும் சுருக்கத்தையும் உண்டாக்கும். மனிதருக்கும் இதுவே விதி என்பதால், படுத்தவாறே நீரின்றி மாத்திரை விழுங்கும் பழக்கமுள்ளோர் இவ்வரியை இரண்டாம் முறை படிக்கலாம்.

இருமுறை முயன்றும் இயலவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சினந்த பூனையோடு மூன்றாம் முறை போராடுவோரே கடிபடுகின்றனர். பிடரியில் சொட்டாக இடும் புழுநீக்க மருந்துகளும் உண்டு. அவை கிடைக்குமா, உங்கள் பூனைக்குப் பொருந்துமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். அவரே மாத்திரையைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தை முதலில் அணுகுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

கடியும் கீறலும் நேர்ந்தால் காத்திருக்க வேண்டா. பூனையின் பல் கூரியது. வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கும். ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைக் காணுங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் பரவும் என்பதால் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். காயப்பட்டவர் எங்கள் நோயாளியே எனில், இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

புழு மாத்திரை கொடுத்தாயிற்று, இனிப் பூனையால் எந்நோயும் வராது என்று எண்ணுவதும் பிழை. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி புழு அன்று. புழு மாத்திரைக்கு அது கட்டுப்படாது. பூனையின் மலத்தில் வெளிப்படும் அதன் முட்டையுறைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். ஆகையால் மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்தாலே ஆபத்து பெரிதும் நீங்கும். அப்பணியை நோயாளியும் கருவுற்ற பெண்களும் செய்யலாகாது. செய்ய வேறு ஆளே இல்லையெனில் கையுறை அணிந்து செய்து, பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி தராதீர்கள். நோயாளியும் நன்கு வேகாத இறைச்சியை உண்ணலாகாது. டாக்சோபிளாஸ்மா அவ்வழியாகவும் வருகிறது. சிகிச்சைக் காலத்தில் தெருவிலிருந்து புதிய குட்டியை வீட்டுக்குள் கொண்டுவருவதை மட்டும் ஒத்திப்போடுங்கள். பழகிய முதிர்ந்த பூனையைவிடக் குட்டியிடமே புழுவும் பிற தொற்றுகளும் மிகுதி. அதற்குக் கடியும் கீறலும் விளையாட்டு.

வீட்டிலேயே வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் தனியாக ஒரு சொல். தொங்கி அசையும் குழாயைக் கண்டால் பூனை பாயும். பூனையின் பல் பட்ட குழாய் வழியாகக் கிருமி நுழைந்து வயிற்றறையில் அழற்சி உண்டான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. திரவம் மாற்றும் வேளையிலும், இரவில் இயந்திரம் ஓடும் வேளையிலும் அறைக் கதவு மூடியிருக்க வேண்டும். மார்பிலோ கையிலோ வடிகுழாய் பொருத்தப்பட்டவர்களின் படுக்கையிலும் பூனை உறங்கலாகாது. காயத்தை அது நக்க இடம் தராதீர்கள்.

மாத்திரை கொடுத்த மறுநாள் மலத்தில் புழுக்கள் தென்படலாம், தென்படாமலும் போகலாம். நாடாப்புழு குடலுக்குள்ளேயே சிதைந்து செரித்துவிடுவதால், எதுவும் வெளிவரவில்லை என்பதற்காக இரண்டாவது மாத்திரை கொடுக்காதீர்கள். சில வாரங்களில் அரிசிமணிகள் மீண்டும் தோன்றினால் மருந்து பலிக்கவில்லை என்பதைவிடத் தெள்ளுப்பூச்சி ஒழியவில்லை என்பதே காரணமாக இருக்கும். அதற்குரிய மருந்தைக் கேட்டுப் பெறுங்கள். மாத்திரை கொடுத்த நாளையும் அதன் பெயரையும் நோயாளியின் மருந்துக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த முறை இங்கு வரும்போது செவிலியரிடம் காட்டுங்கள். மூன்று மாதக் கணக்கை நாங்களும் சேர்ந்து நினைவில் வைத்துக்கொள்கிறோம்.