புதுத் தரை விரிக்கும் முன் பழைய பலகையைக் கவனியுங்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுனிலோ மலாக்காவிலோ பழைய கடைவீட்டின் மாடியில் நடந்திருக்கிறீர்களா? ஒவ்வோர் அடிக்கும் மரத்தரை 'கிறீச்' என்று குரல் கொடுக்கும். அப்படியொரு தரையின்மேல் உங்கள் வீட்டில் லேமினேட் பலகை விரிக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "மேலே போட்டு மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே உள்ள குறையைப் புதுத் தரை மறைக்கும், சரிசெய்யாது.

முதலில், மரம் காற்றோடு நீரைப் பரிமாறிக்கொண்டே இருக்கும் பொருள். நம் நாட்டுக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் நெடுநாள் இருக்கும் மரத்தில், அதன் உலர் எடையில் சுமார் 16 விழுக்காடு நீர் இருக்கும். குளிரூட்டி ஓயாமல் ஓடும் அறையில் அது 10 விழுக்காட்டை நெருங்கும். நீர் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். நுண்ணிய குழாய்களை ஒன்றாகக் கட்டிவைத்தது போன்ற அமைப்பு என்பதால், மரம் அகலவாக்கில் அதிகமாகவும் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் மாறும்.

அந்தக் 'கிறீச்' ஒலிக்கும் இதுவே காரணம். மரம் பலமுறை உப்பிச் சுருங்கும்போது இரும்பு ஆணி அப்படி மாறுவதில்லை. எனவே பிடி தளர்கிறது. நீங்கள் மிதிக்கும்போது பலகை ஆணியோடும் பக்கத்துப் பலகையோடும் உரசி ஒலி எழுப்புகிறது. தளர்ந்த பலகையைக் கீழே உள்ள விட்டத்தோடு திருகாணியால் இறுக்க வேண்டும். திருகாணியின் புரிகள் மர நார்களைக் கவ்விப் பிடிப்பதால் அது ஆணியைப் போல எளிதில் மேலெழாது. துருத்திய பழைய ஆணித் தலைகளை உள்ளே அடித்துவிட வேண்டும். ஆனால், மின்கம்பியோ நீர்க்குழாயோ அடியில் ஓடுகிறதா என்று பார்க்காமல் துளையிடக் கூடாது.

அடுத்து, சோதனை. ஐயமுள்ள இடத்தில் திருகுளியின் முனையை அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரத்தில் முனை எளிதாக இறங்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அதை உளுக்கவைக்கும் பூஞ்சை வளர இயலாது. குளியலறைச் சுவரோரமும் ஒழுகும் கூரையின் கீழும் ஈரம் அதைத் தாண்டும். தட்டினால் வெற்றொலி வந்தாலோ மண் குழாய்கள் தெரிந்தாலோ கரையானையும் சந்தேகிக்க வேண்டும். ஒழுகலை அடைத்து, கரையானை ஒழித்து, கெட்ட பலகையை மாற்றிய பிறகே அடுத்த வேலை. இல்லாவிட்டால் அழகிய தரைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் மரம் உளுத்து, ஒருநாள் ஒருவர் காலை உள்வாங்கிவிடும்.

மூன்றாவது, சமதளம். 2 மீட்டர் நீள நேர்ச்சட்டம் ஒன்றைத் தரையில் வைத்தால், அதன் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது பொதுவான அளவு. ஏன் இவ்வளவு கண்டிப்பு? லேமினேட் பலகைகள் ஒன்றோடொன்று நாக்கும் பள்ளமுமாகக் கோத்துக்கொள்பவை. அடியில் பள்ளம் இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் அந்த மூட்டு வளைந்து நிமிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? அதே கதிதான் மூட்டுக்கும். மேட்டை இழைத்து இறக்கலாம். தரை முழுவதும் வளைந்திருந்தால் மெல்லிய ஒட்டுப்பலகைத் தகடுகளை மேலே திருகிப் பொருத்துவார்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதைத் தேய்த்துத் தூசியாக்க வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, இடைவெளி. லேமினேட்டின் நடுப்பகுதி அழுத்திய மரநார்தான், அதுவும் உப்பும். மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் உப்பினால், 5 மீட்டர் அறையில் 5 மில்லிமீட்டர் கூடும். சுவரை முட்டினால் அதற்குப் போக வேறு வழியில்லை. நடுவில் கூடாரம் போல எழும்பும். ஆகவே சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் விட்டு, அதை ஓரச்சட்டத்தால் மறைப்பார்கள். வாங்கிய பெட்டிகளை 48 மணி நேரம் அதே அறையில் வைத்து, காற்றுக்குப் பழக்கிய பிறகே விரிப்பார்கள்.

நீங்களே சோதியுங்கள். ஓர் ஐஸ்கிரீம் குச்சியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரவு நீரில் ஊறவைத்து மறுநாள் மீண்டும் அளவிடுங்கள். அகலத்துக்குப் பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவியே நல்லது. எது அதிகம் மாறியது? உங்கள் வீட்டுத் தரையும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.