வட்டிக் கணக்கு

"கரியை எரிக்காதே, டீசலை ஊத்தாதேன்னு சொல்லுதாங்க. சரி, நல்லதுதான். அதுக்கு ஆகுத செலவு நமக்குக் கட்டுப்படியாகுமா தம்பி?"

கேட்டவர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. இடம் காவல்கிணறு டீக்கடை. எதிரே முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "ஆகும்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் நாற்பது வருஷமாகக் கடனுக்குச் சரக்கெடுத்துத் தவணைக்கு விற்கிறவரிடம் அப்படிச் சொன்னால் எடுபடாது. எவ்வளவு, எப்போது, யார் பணம் என்ற மூன்றும் தெரியாமல் அவர் எந்த வியாபாரத்தையும் பேசமாட்டார். அந்த மூன்றும் சரியான கேள்விகள்தான்.

எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கினேன். ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு (ஐ.பி.சி.சி.) 2022-இல் தந்த அறிக்கையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. புவி வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்துகிற அளவுக்குப் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைத்தால், 2050-இல் உலகப் பொருளாதாரம் மற்றபடி இருந்திருக்கக்கூடியதைவிட 1.3 முதல் 2.7 சதவீதம் சிறியதாக இருக்கும். கேட்க நிறையப் பணமாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே அறிக்கை, 2020-க்கும் 2050-க்கும் இடையில் உலகப் பொருளாதாரம் குறைந்தது இரண்டு மடங்காகும் என்கிறது. அதாவது 100 ரூபாய் 200 ஆக வேண்டிய இடத்தில் 196 ஆகும். 2050 பொங்கலுக்கு எட்ட வேண்டிய வசதியை 2051 பொங்கலுக்கு எட்டுவோம். வெப்பம் குறைவதால் மிச்சமாகும் பயிர், வீடு, உயிர் எதையும் வரவில் வைக்காமல் போட்ட கணக்கு இது.

"மாதிரிக் கணக்குதானே? நாளைக்கு மாறும்லா?" என்றார்.

மாறும். இதுவரை மாறியதில் பல, செலவு குறைகிற பக்கமாகவே மாறியிருக்கின்றன. எல்.இ.டி. பல்பு அண்ணாச்சிக்கே தெரிந்த சரக்கு. மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, 2014-இல் ஒரு பல்பின் விலை 310 ரூபாய். 2016-இல் 38 ரூபாய். கோடிக்கணக்கில் ஆர்டர் போனதும் ஆலைகள் பெருகின, போட்டி வந்தது, விலை விழுந்தது. சூரிய மின்சாரத்தின் கதை இன்னும் பெரியது. 2010 வாக்கில் தேசிய சோலார் திட்டம் தொடங்கியபோது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 17 ரூபாய்க்கு மேல் அடிப்படை விலை வைத்தது. 2015-இல் நம் கமுதி சோலார் நிலையத்துக்குப் பேசிய விலை 7 ரூபாய் 1 காசு. 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. முதலில் வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 17 ரூபாயை யாரோ கொடுத்ததால்தான் 2 ரூபாய் பிறந்தது.

"அப்ப பிரச்சனையே இல்லையே! எல்லாரும் போட்டுர வேண்டியதுதானே?"

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. மொத்தச் செலவு குறைவு என்பது ஒன்று. அது எந்த நாளில் வந்து நிற்கிறது என்பது வேறொன்று.

நிலக்கரி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் தால்சரில் வெட்டி, ரயிலேற்றி பாரதீப் துறைமுகம் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது கரி. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் எரிய வேண்டும். செலவில் பெரும்பகுதி எரிபொருள். நிலையம் ஓடுகிற காலமெல்லாம், ஓட ஓடக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சோலாரிலும் காற்றாலையிலும் எரிபொருள் கிடையாது. பேனல், தூண், இறக்கை, கம்பி எல்லாவற்றுக்கும் முதல் நாளே பணம் எண்ணி வைக்க வேண்டும். வாடகை வீட்டுக்கும் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். வாடகை மாதாமாதம் போகிறது, ஏறவும் ஏறும். சொந்த வீடு நீண்ட காலத்தில் லாபம்தான், ஆனால் வங்கி என்ன வட்டி சொல்கிறது என்பதைப் பொறுத்து.

டீக்கடைக்காரரிடம் ஒரு பில் தாள் வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பேச்சுக்கு ஒரு மெகாவாட் சோலாருக்கு 4 கோடி ரூபாய், முழுக்கக் கடன், 25 ஆண்டில் அடைக்க வேண்டும். ஆண்டுக்கு 18 லட்சம் யூனிட் வருகிறது. வட்டி 4 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 25.6 லட்சம், யூனிட்டுக்கு 1 ரூபாய் 42 காசு. வட்டி 10 சதவீதம் என்றால் தவணை 44 லட்சம். யூனிட்டுக்கு 2 ரூபாய் 45 காசு. நிலமும் பராமரிப்பும் தனி. அதே பேனல், அதே வெயில். நடுவில் நிற்கும் ஒரு ரூபாய்ச் சொச்சம் முழுக்க வட்டி.

தாளை வாங்கி அண்ணாச்சி இரண்டு முறை பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

எதிரே சுற்றிய காற்றாலைகளே இதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் முதல் காற்றாலைகள் தூத்துக்குடி அருகே 1986-இல் வந்தன. பிறகு முப்பந்தலிலும் உடுமலைப்பேட்டைப் பக்கமும் அவற்றை நட்டவர்களில் பலர் கோவை, திருப்பூர் நூற்பாலைக்காரர்கள். புவி வெப்பத்துக்குப் பயந்து அவர்கள் நடவில்லை. மின்வெட்டு ஒரு காரணம், வரி இன்னொரு காரணம். இயந்திர விலையில் 100 சதவீதத்தை, பின்னாளில் 80 சதவீதத்தை, முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரியில் அனுமதி இருந்தது. இன்று கழித்ததை நாளை மறுபடி கழிக்க முடியாது. ஆகவே கட்ட வேண்டிய வரி குறைவதில்லை, கட்டும் நாள் தள்ளிப்போகிறது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்ததற்குச் சமம். 2012-இல் இந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அடுத்த நிதியாண்டில் நாட்டில் புதிதாக நிறுவிய காற்றாலைத் திறன் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. காற்று அதேதான் வீசியது. 2014-இல் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பொருளாதார அறிஞர்களின் பெரிய சண்டையும் வட்டியைப் பற்றியதுதான். 2006-இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் எழுதிய அறிக்கை, வாயுக்களைக் கட்டுப்படுத்த ஆண்டுக்கு உலக உற்பத்தியில் சுமார் 1 சதவீதம் ஆகும், சும்மா இருந்தால் 5 முதல் 20 சதவீதம் வரை இழப்பு வரும் என்றது. பின்னர் அவரே செலவை 2 சதவீதமாக உயர்த்திச் சொன்னார். வில்லியம் நார்ட்ஹாஸ் இதை ஏற்கவில்லை. காலநிலையைப் பொருளாதாரக் கணக்குக்குள் கொண்டுவந்ததற்காக 2018-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நடவடிக்கை வேண்டாம் என்கிறவரும் அல்லர். எவ்வளவு வேகமாக என்பதில்தான் தகராறு. நூறு ஆண்டு கழித்து வரப்போகும் 1,000 ரூபாய் சேதத்துக்கு இன்று என்ன மதிப்பு? ஸ்டெர்ன் எடுத்துக்கொண்ட 1.4 சதவீதத்தில் கழித்துக்கொண்டே வந்தால் சுமார் 250 ரூபாய். சந்தை வட்டியை ஒட்டித்தான் கழிக்க வேண்டும் என்பது நார்ட்ஹாஸ் கட்சி. அதைப் பேச்சுக்கு 5 சதவீதம் என்று வைத்தால் 8 ரூபாய்கூட இல்லை. பேரன் பேத்திகளின் வெள்ளச் சேதம் 250 ரூபாயா 8 ரூபாயா என்பதை எந்த இயற்பியலும் தீர்த்துவைக்காது. எனக்கு ஸ்டெர்ன் பக்கம்தான் சாய்வு. பிறக்காதவன் பேரம் பேச வரமாட்டான் என்பதற்காக அவன் பங்கை 8 ரூபாய்க்கு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ராத்திரி சூரியன் ஏது?" என்று அண்ணாச்சி குறுக்கே வந்தார். வர வேண்டிய கேள்விதான். 2 ரூபாய் மின்சாரம் நண்பகல் மின்சாரம். மாலை விளக்கு வைத்தபின்னும் தேவை குறையாது. காற்றோ ஆனி, ஆடியில் அள்ளிக் கொட்டும், தையில் படுத்துவிடும். ஆகவே சேமிப்புச் செலவையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும்; சேர்க்காமல் சொல்கிறவர்கள் பாதிக் கணக்குச் சொல்கிறார்கள். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு, 400 மெகாவாட் எடுக்கிறார்கள். இப்போது லித்தியம் பேட்டரியும் மலிந்துவிட்டது. 2010 முதல் 2019 வரை மட்டும் அதன் விலை 85 சதவீதம் இறங்கியதாக ஐ.பி.சி.சி. சொல்கிறது. இதுவும் முதல் நாள் செலவுதான். மறுபடியும் வட்டி.

எல்லாமே இப்படி மலிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அரியலூர் சிமெண்ட் சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் சூடாக்கினாலும், சுடும்போது சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவை வெளியே விடும். இரும்பு உருக்க நிலக்கரி சூட்டுக்கு மட்டுமல்ல, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கவும் வேண்டும். அங்கெல்லாம் மாற்று வழி இன்று விலை கூடியதுதான்.

செய்து காட்டிய நாடு உண்டா என்றால், பிரிட்டன். 1882-இல் லண்டனில் கரியில் மின்சாரம் எடுத்து விற்ற நாடு, 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. 1990-ஐ ஒப்பிட்டால் வாயு வெளியீடு ஏறக்குறைய பாதி. பொருளாதாரமோ அதே காலத்தில் வளர்ந்திருக்கிறது. கரி இருந்த இடத்தில் முதலில் இயற்கை எரிவாயு வந்தது, சில ஆலைகள் வெளிநாடு போயின, மின்கட்டணத்தைப் பற்றி அங்கே முணுமுணுப்பும் அதிகம். ஆனாலும் நாடு திவாலாகவில்லை.

திவாலாகிறவர்கள் தனி ஆட்கள். மூன்றாவது கேள்வி அவர்களுடையது. பிரான்ஸில் 2018 இறுதியில் எரிபொருள் வரியை ஏற்றப் போனார்கள். பஸ் வசதி இல்லாத சிற்றூர்களில் காரை நம்பி வாழ்கிறவர்கள் மஞ்சள் சட்டை போட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அரசு பின்வாங்கியது. தேசிய வருமானத்தில் பார்த்தால் அந்த வரி துளிதான். மாதக் கடைசியில் டீசல் போடுகிறவனுக்கு அது துளி இல்லை.

"நம்ம ஊர்ல வட்டி ஏன் கூடுதல்?" என்றார் அண்ணாச்சி. பதிலையும் அவரே பாதி சொன்னார்: "பாக்கி ஒழுங்கா வராதுன்னா நானும் விலையைக் கூட்டித்தான் வைப்பேன்."

அதேதான். ஆந்திரத்தில் 2019-இல் புதிய அரசு வந்ததும், முந்தைய ஆட்சியில் போட்ட காற்று, சூரிய மின்சார ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கச் சொன்னது. வழக்கு 2022 வரை இழுத்து, உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொன்னது. நடுவில் கடன் கொடுத்த வங்கிகள் பாடம் படித்துக்கொண்டன. நம் மின்வாரியமும் கடன் சுமையில் காற்றாலைக்காரர்களுக்குப் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்ததுண்டு. இந்தப் பயமெல்லாம் அடுத்த கடனின் வட்டியில் ஏறி உட்காரும். இதற்கு நேர்மாறாக மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 750 மெகாவாட் சோலாருக்கு 2017-இல் ஏலம் விட்டபோது, பணம் தவறாது என்பதற்கு மூன்று அடுக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். கடைசி அடுக்கு மாநில அரசின் உத்தரவாதம். அதற்கு முந்தைய ஆண்டு நாட்டின் மிகக் குறைந்த விலை 4 ரூபாய் 34 காசு. ரேவாவில் முதலாண்டு விலை 2 ரூபாய் 97 காசுக்கு வந்தது. பேனல் விலை சரிந்ததும் காரணம்தான். ஆனால் உத்தரவாதத்துக்கு அரசு உடனே ஒரு காசும் எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

நாடுகளுக்கு நடுவிலும் இதே கதை. ஓர் அமெரிக்கர் பங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, ஓர் இந்தியர் பங்குக்குச் சுமார் 2 டன். குறைவாக வாயு விட்டவனுக்குத்தான் அதிக வட்டி. இதைச் சரிக்கட்டப் பணக்கார நாடுகள் பணம் தர வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக ஓடுகிறது. 2024-இல் பாக்கு நகரில் நடந்த காலநிலை மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று ஒப்புக்கொண்டார்கள். போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்ப்புச் சொன்னது. அரசுப் பணம், தனியார் பணம் எல்லாம் சேர்ந்த தொகை அது. எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை.

அண்ணாச்சி கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். "கடனாத் தந்தா, என்ன வட்டிக்குத் தாராங்களாம்?"